மேலேயா, கீழேயா

ஆர்மோனியக்காரர் சரவணமுத்து தலையை அசைத்தால்தான் சின்னராஜ் நாடகக் கம்பெனியில் திரை ஏறும். யாரும் போட்ட சட்டமல்ல அது. வருஷக்கணக்கில் தானாக வந்த வழக்கம். பொழுது சாயும் நேரத்தில் மொய்தீன் மிருதங்கத்தைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். சேர்ந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தாலும் கல்லைக் கீழே வைக்கமாட்டார். காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சரவணமுத்துவின் முகத்தைப் பார்ப்பார். அந்தத் தலை லேசாக அசையும். அதற்கப்புறம்தான் மற்றது எல்லாம்.

சரவணமுத்து பேச்சுக்காரர் அல்ல. ராசிபுரத்தில் தறி நெய்கிற குடும்பம். தாய் தகப்பன் போய்விட்டார்கள். அக்கா அங்காளம்மாள் மட்டும் அந்த ஊரில் இருந்தாள். கல்யாணம் அவர் செய்துகொள்ளவில்லை. கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் பகலில் ஒரு மூலையில் பாயை விரித்துப் படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். ஒன்றாக உண்டு, ஒன்றாகத் தூங்கி, ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு கிடந்த அந்தக் கூட்டத்தில் அவர் தனி ஆள்தான். அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. அவருக்கும் பேச்சு இருந்தது. அது மேடையில் நடந்தது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் சாரதாமணியோடு. கம்பெனியில் கதாநாயகி வேஷமெல்லாம் அவளுக்கே. பரமத்தி வேலூர்க்காரி, இருபது தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். தாய் சென்னியம்மாள் கூடவே இருந்து, துணி துவைத்து, சுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து மகளைப் பார்த்துக்கொண்டாள். சாரதாமணி ஒரு விருத்தத்தை மேலே கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்துவாள். ஆர்மோனியம் அதை வாங்கும். வாங்கியதை அப்படியே திருப்பாமல், ஓரத்தில் சின்னதாக எதையாவது சேர்த்துக் கொடுப்பார் சரவணமுத்து. அவள் கண்ணால் சிரித்துக்கொண்டு அதைப் பிடித்து, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து எறிவாள். சனம் ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்தும். மேடையை விட்டு இறங்கினால், "சாப்டீங்களாண்ணா?" "ஆச்சு அம்மிணி" என்பதைத் தாண்டி இரண்டு பேரும் பேசிக்கொண்டது கிடையாது. பேச வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த வருஷம் தை மாதம் கம்பெனி நாமக்கல்லில் இருந்தது. கடும் பனி. சரவணமுத்துவுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து விட்டுப்போயின. ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காதில் யாரோ ஈரத்துணியைத் திணித்துவைத்தாற்போல் இருந்தது. துணிக்கு அப்பால் ஓர் இரைச்சல், மதகு திறந்த வாய்க்கால் மாதிரி. தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார். சென்னியம்மாளிடம் கேட்டு, பூண்டு காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். சளி இறங்கினால் சரியாகப் போகிறது என்று இருந்துவிட்டார். வலது காதுதான் நன்றாகக் கேட்கிறதே.

அன்று மாலை ஆர்மோனியத்தில் கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ரீடு என்கிற இரண்டு பித்தளை நாக்குகள் சேர்ந்து பேசும். இரண்டும் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். ஒன்று இம்மி நகர்ந்தாலும் சத்தம் இரண்டாகப் பிளந்து நடுங்கும். இப்போது அப்படித்தான் பிளந்தது. மேல் ஸ்தாயி முழுக்க அதே கதை.

"பனியில ரீடு கெட்டுப்போச்சு மொய்தீன்."

மொய்தீன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேண்ணே."

"உனக்கெங்க தெரியப்போவுது?"

மொய்தீன் மிருதங்கத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் சரவணமுத்து ஆர்மோனியப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு பேனாக்கத்தி முனையால் நாக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அவருக்குக் கை வந்த வேலை. வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முடித்துவிடுவார். இந்த முறை ஒன்றைச் சேர்த்தால் பக்கத்தில் இருந்தது விலகியது. விலகியதைச் சேர்த்தால் முதலில் சேர்த்தது பிளந்தது. சாப்பாட்டுக்குக்கூட எழாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். பொழுது இறங்கும்போது ஒருவாறு ஒத்துவந்தது போலிருந்தது. பெட்டியை மூடினார்.

அடுத்து வந்தது ஒத்திகை. சாரதாமணி வந்து நின்று பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியில் சரவணமுத்து கையைத் தூக்கினார்.

"சுருதி சேரலியே அம்மிணி."

அவள் திகைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். அவர் மறுபடி கையைத் தூக்கினார். மூன்றாம் முறையும் அப்படியே ஆயிற்று. சுற்றிலும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவருக்கு அது உண்மையாகவே சேரவில்லை. அவள் குரல் அவர் காதில் இரண்டு பேர் பாடுவதுபோல் விழுந்தது. ஒருத்தி சாரதாமணி. இன்னொருத்தி அவளுக்குச் சற்று மேலே, தகரத்தைக் கீறுவதுபோல ஒட்டிக்கொண்டே வந்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று அவருக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து சாரதாமணி புளி தொடவில்லை, தயிர் தொடவில்லை. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தாள். காலையில் ஆளில்லாத இடம் பார்த்துப் போய்த் தனியாக நின்று பாடிப் பார்ப்பாள். பாடிவிட்டு, இது சரியா இல்லையா என்று தனக்கே தெரியாமல் நிற்பாள். சென்னியம்மாள் கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். கம்பெனியில் ஒருவராவது, "உன்ர சுருதி நல்லாத்தான இருக்குது" என்று அவளிடம் சொல்லவில்லை. சரவணமுத்து சேரவில்லை என்றால் சேரவில்லைதான். மொய்தீனே தன் காதை நம்புவதை விட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் அது மெய்யாகவும் ஆகிப்போயிற்று. சுரண்டிய ரீடுகள் ஒன்றுக்கொன்று சேராமல் கிடந்தன. அந்தப் பெட்டியோடு யார் பாடினாலும் இழுபறிதான். ஏற்கனவே பயந்துபோயிருந்த சாரதாமணி அதன் பின்னாலேயே போக முயன்று குரலை நடுங்கவிட்டாள். ஒரு சனிக்கிழமை நாடகத்தில், அவள் உருகி உருகிப் பாட வேண்டிய இடத்தில், பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான். அதைக் கேட்டு நாலு பேர் அடித்தார்கள். அவள் பாட்டைப் பாதியில் விட்டு வசனத்துக்குப் போய்விட்டாள்.

கம்பெனி முதலாளி சின்னராஜ் நல்ல மனுஷர். ஆனால் அடுத்து சேலம். அங்கே பேசும்படம் காட்டுகிற கொட்டகைகள் வந்துவிட்டன. சனம் ஒரு தடவை முகம் சுளித்துப் போய்விட்டால் அப்புறம் திரும்பாது. அவர் சரவணமுத்துவிடம்தான் வந்து கேட்டார்.

"ஏனுங் சரவணமுத்து, இந்தப் புள்ளைக்குத் தொண்டை திரும்புமுங்களா?"

"எனக்கொண்ணும் சொல்லத் தெரியலீங்க" என்றார் அவர்.

அது போதுமாயிருந்தது. கரூரிலிருந்து வேறொரு பெண்ணை வரவழைக்க ஆள் போயிற்று. சாரதாமணியும் தாயும் டிரங்குப் பெட்டியைக் கட்டினார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அவள் சரவணமுத்து உட்கார்ந்திருந்த மூலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அழவில்லை.

"அண்ணா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஊட்டுக்குப் போயி நானே சரி பண்ணிக்கறேன். எங்குரலு மேல போகுதுங்களா, கீழ நிக்குதுங்களா?"

சரவணமுத்து யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனசில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடியே சொன்னார்.

"ரெண்டும் அம்மிணி."

அவள் குனிந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சேலத்தில் கரூர்ப் பெண் வந்து பாடினாள். அவளுக்கும் சுருதி சேரவில்லை. ராஜபார்ட்காரருக்கும் சேரவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் சேராமல் போனபோதும் சரவணமுத்துவுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. காதில் அந்த வாய்க்கால் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்காகத்தான் ஒரு காலையில் டாக்டரிடம் போனார்.

டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவையை எடுத்தார். அதை முழங்கையில் தட்டி வலது காதருகே பிடித்தார். தெளிவாக ஒரு சுரம் கேட்டது. சரவணமுத்துவுக்கு அது எந்தச் சுரம் என்றுகூடத் தெரிந்தது. டாக்டர் மறுபடி தட்டி இடது காதருகே பிடித்தார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. ஆனா வேற இரும்பு எடுத்திருக்கறீங்க."

"இல்லையே. அதேதான்."

"இல்லீங்க, அது கீழ பேசுச்சு. இது மேல பேசுது, கரகரன்னு."

டாக்டர் கவையை அவர் கையிலேயே கொடுத்தார். சரவணமுத்து தானே தட்டி வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். மறுபடி வலது. மறுபடி இடது. டாக்டர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இடது காதின் நரம்பு பழுது, இதற்கு மருந்து கிடையாது, சிலருக்கு ஒரு காதோடு நின்றுவிடும், சிலருக்கு மற்றதும் போகும். அதெல்லாம் அவர் மனதில் ஏறியது அப்புறம்தான். அந்த நேரத்தில் அவர் அந்த இரும்பைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரும்பு சுருதி மாறாது. பனிக்கும் மாறாது, பயத்துக்கும் மாறாது.

கொட்டகைக்குத் திரும்பி இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆர்மோனியத்தை வாசித்தார். தான் செய்துவைத்திருந்த காரியம் அப்போதுதான் காதில் விழுந்தது.

"இந்தப் பொட்டி எப்ப இருந்து இப்படி மொய்தீன்?"

மொய்தீன் தயங்கினார். "நாமக்கல்ல நீங்க சொரண்டுனீங்கல்ல, அப்பருந்துண்ணே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்க காதுக்கு முன்னாடி எங்காது என்னண்ணே?"

சரவணமுத்து பெட்டியைத் திறந்து, ஒரே காதை வைத்துக்கொண்டு, நாக்குகளைத் திரும்பச் சீர்செய்தார். கெட்டவற்றைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். அதன்பின் நாடகம் ஒழுங்காக நடந்தது. கரூர்ப் பெண்ணும் நன்றாகவே பாடினாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பனிக்காலம் போனதால் சரியாயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

அவருக்குத் தெரிந்தது. உடனே பரமத்தி வேலூருக்குப் போய்ச் சாரதாமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். ஆனால் போனால் இதையும் சொல்ல வேண்டும்: ஒரு காது போன ஆர்மோனியக்காரன் நான். அப்புறம் யார் அவர் தலையசைப்புக்குக் காத்திருப்பார்கள்? வருகிற வெள்ளிக்கிழமை போகலாம், இந்த ஆட்டம் முடியட்டும், மாசி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறை தள்ளியபோதும் நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாகும். பிறகு முன்னைவிடக் கனக்கும். பங்குனியும் பாதி போய்விட்டது.

ஒரு நாள் காலையில் கண் விழித்தார். எதிரே மொய்தீன் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் எழுந்தன, விழுந்தன. சத்தம் வரவில்லை. சும்மா கையை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்து, "என்ன மொய்தீன், சத்தத்தையே காணோம்?" என்றார். தான் சொன்னதும் தனக்குக் கேட்கவில்லை. மொய்தீன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

செவிடு என்றால் நிசப்தம் என்று சரவணமுத்து நினைத்திருந்தார். அப்படி இல்லை. அந்த வாய்க்கால் இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும் ஓடியது. இரவும் பகலும் அது நிற்கவில்லை. வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரவில்லை, உள்ளே இருந்தது வெளியே போகவுமில்லை.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவர் மறைத்துப் பார்த்தார். விரல்களுக்குப் பாட்டுகள் பாடம். மொய்தீனின் கையைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். பாடுகிறவள் வாயைப் பார்த்து எடுப்பும் முடிப்பும் தெரிந்துகொண்டார். பாதி நாடகம் அப்படியே ஓடியது. ஒரு விருத்தத்தில் கரூர்ப் பெண் சனத்தின் கைதட்டலுக்காக நின்று ஒரு சங்கதியைக் கூடுதலாக இழுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். பாட்டு முடிந்துவிட்டது என்று இவர் அடுத்த பாட்டின் முதல் அடியை முழுக் காற்றோடு வாசித்தார். நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னராஜ் பக்கவாட்டுத் திரைக்குள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரவணமுத்து கட்டைகளிலிருந்து கையை எடுத்தார்.

சின்னராஜ் அவரை அனுப்பிவிடவில்லை. வாசலில் டிக்கெட் கிழிக்க உட்காரவைத்தார். வந்தவர்கள் ஏதாவது கேட்பார்கள். இவர் பேசாமல் இருப்பார். இரண்டாம் தடவை கேட்பார்கள். "ஏனுங்க, இந்தாளுக்கு என்ன இத்தனை மண்டைக்கனம்?" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அது அவருக்குக் கேட்காது. முகம் மட்டும் தெரியும். முதுகுக்குப் பின்னால், தட்டிக்கு அந்தப்புறம் நாடகம் நடக்கும். தரையில் மிருதங்கத்தின் அதிர்வுகூட அவ்வளவு தூரத்துக்கு வராது. சில நாளில் அவர் சின்னராஜிடம் கை கூப்பிவிட்டு, ஆர்மோனியத்தை அங்கேயே விட்டுவிட்டு, துணிமூட்டையோடு கிளம்பினார். ராசிபுரத்துக்குப் போகும் முன் பரமத்தி வேலூர் பஸ் ஏறினார்.

சாரதாமணியின் வீட்டைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. வழி கேட்டால் பதில் கேட்காது. சொல்கிறவர்கள் கை நீட்டுகிற பக்கம் பார்த்துப் பார்த்து நடந்தார். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாக ஒரு தெரு. வாசலில் சாரதாமணியும் சென்னியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் சாரதாமணியின் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. 'வாங்க' என்றும் சொல்லவில்லை என்று அவள் உதட்டைப் பார்த்ததில் தெரிந்தது.

அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மற்றப் பெண்களுக்குக் கேட்காமல் அவளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். மெதுவாகச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டும் இருந்தார்.

"அம்மிணி, உன்ர சுருதி தப்பே இல்ல. ஒரு நாளும் தப்புனதில்ல. என்ர காது கெட்டுப்போச்சு. ஒரு காதுல ஒரு சுரம், இன்னொண்ணுல வேற சுரம் கேட்டுது. அது தெரியாம நல்லா இருந்த ரீடெல்லாம் சொரண்டிக் கெடுத்துப்போட்டேன். சனம் விசிலடிச்சதும் அந்தப் பொட்டிக்குத்தான், உனக்கில்ல. பழி உம்மேல உழுந்துருச்சு. எனக்கு மாசியிலயே தெரிஞ்சுபோச்சு. வந்து சொல்லியிருக்கோணும். வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்துட்டேன்."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தார். எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். கொடிக்காலுக்குள்ளிருந்து இரண்டு பேர் மண்வெட்டியோடு மேலேறி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் பெண்கள் இடுப்பில் குடத்தோடு நின்றுவிட்டார்கள். தான் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் சுட்டது. ஆனால் வேலூரில் சாரதாமணிக்குத் தொண்டை போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

சாரதாமணி பேச ஆரம்பித்தாள். முதலில் மெல்ல, பிறகு வேகமாக. கையில் இருந்த வெற்றிலையை அப்படியே பிடித்துக்கொண்டு பேசினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. கோபமா, அழுகையா, இத்தனை மாதம் தான் பட்டதைச் சொல்கிறாளா, அவரை ஏசுகிறாளா, அல்லது மன்னித்துத்தான் பேசுகிறாளா, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஓர் இடத்தில் உதடு 'அண்ணா' என்று குவிந்து பிரிந்தது போல இருந்தது. அதுவும் நிச்சயமில்லை. மேடைக்கு வெளியே அவள் அவரிடம் அத்தனை பேசியது அதுவே முதல் தடவை.

"கேக்கல அம்மிணி" என்றார் அவர். "இப்ப ஒண்ணுமே கேக்கறதில்ல."

அவள் சட்டென்று நிறுத்தினாள். தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை நீட்டினாள்.

"ரெண்டும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், நாமக்கல்லில் அவளுக்குச் சொன்ன அதே சொல் அது என்று அவருக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. சென்னியம்மாள்தான் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்து, குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் குடித்துவிட்டு எழுந்தார்.

அங்கிருந்து நேராகச் சேலத்துக்குப் போய் சின்னராஜிடமும் சொன்னார். சின்னராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மொய்தீனை வேலூருக்கு அனுப்பி சாரதாமணியைக் கூப்பிட்டார். அவள் வர மறுத்துவிட்டாள். ஆனால் வெளியே தகவல் பரவி, ஆடி பிறக்கும் முன்னே திருச்சிப் பக்கத்துக் கம்பெனி ஒன்று அவளை வைத்துக்கொண்டது. இதை மொய்தீன் பின்னால் ராசிபுரத்துக்கு வந்து, கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டிச் சொன்னார். அவள் அன்று வாசலில் என்ன சொன்னாள் என்று மொய்தீனுக்கும் தெரியவில்லை. கேட்டாராம், அவள் பேச்சை மாற்றிவிட்டாளாம்.

ராசிபுரத்தில் அக்கா வீட்டில் சரவணமுத்துவுக்கு வேலைக்குக் குறைவில்லை. பாவு ஓட்ட, நூல் காயவைக்க, தறியில் உட்கார எப்போதும் ஆள் வேண்டும். சின்ன வயதில் கற்ற தொழில் கைக்குத் திரும்பிவிட்டது. மனுஷர்களோடு இருப்பதுதான் கைவரவில்லை. விடியலில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது பத்துப் பேர் வரிசையாக நின்று பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். அவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பார். யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுவார். என்ன சொன்னாலும் ஆட்டுவார். அப்படி ஆட்டித்தான் ஒரு நாள், 'காஞ்சுருச்சா?' என்ற கேள்விக்கும் ஆட்டி, ஈரம் போகாத நூலைச் சுற்றவைத்துப் பாழாக்கினார்.

அன்று அங்காளம்மாள் அவரை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தெரியலீன்னா, தெரியலீன்னு, சொல்லு சாமி. தலைய ஆட்டாத."

அவள் உதட்டிலிருந்து அவர் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அதுதான். தலையை ஆட்டப்போய், நிறுத்திக்கொண்டு, "செரிக்கா" என்றார்.

அதற்கப்புறம் கேட்காதபோது கேட்கவில்லை என்று சொல்லப் பழகினார். சொல்லச் சொல்ல அது எளிதாயிற்று. தெருவில் சிலர் அவர் முன்னால் வந்து நின்று நிதானமாகப் பேசினார்கள். பலர் அந்தப் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர் இருவரையும் தப்பாக நினைக்கவில்லை.

தறியில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டுகள் மனதுக்குள் ஓடும். அதிலும் ஒரு கஷ்டம் இருந்தது. சாரதாமணியின் குரலை அவர் கடைசியாகக் கேட்டது நாமக்கல்லில், பிளந்துபோன குரலாக. நினைக்கும்போதெல்லாம் அதுவே முந்திக்கொண்டு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு அதற்கு முந்தைய வருஷங்களுக்குப் போய், ஈரோட்டில் ஒரு நாள், திருச்செங்கோட்டில் ஒரு நாள் என்று நல்ல நாட்களைத் தேட வேண்டியிருந்தது. சில நாள் கிடைக்கும். ஓர் அடி, இரண்டு அடி சுத்தமாக வரும். அப்போது தறியை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சில நாள் எத்தனை தேடினாலும் அந்தத் தகரக் கீறல்தான்.

மூன்று வருஷம் கழித்துத் திருச்சிக் கம்பெனி ராசிபுரத்துக்கு வந்தது. சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் சாரதாமணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சரவணமுத்து போக வேண்டாம் என்றுதான் இருந்தார். அங்காளம்மாள் விடவில்லை. "நா அவ பாட்டக் கேட்டதே இல்ல. நீ கூட வா. எனக்குத் தொணைக்கு வா" என்று முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

தரை டிக்கெட்டில், கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தார்கள். சாரதாமணி மேடைக்கு வந்ததும் சனம் கையைத் தூக்கியது. எல்லா வாயும் திறந்தது. அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். நிற்கிற நிலையில் பயம் இல்லை. ஆர்மோனியத்துக்குப் பின்னால் யாரோ ஒரு வயசுப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவள் பாடப் பாட அவன் பக்கம் ஒரு பார்வை எறிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே எதையோ திருப்பிக் கொடுத்தான் போலிருந்தது. சரவணமுத்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்து, பக்கத்தில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அங்காளம்மாள் வாயைச் சற்றே திறந்தபடி, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே பாட்டு ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே கரைகிறது என்று அந்த முகத்தில் ஓரளவு தெரிந்தது. ஓர் இடத்தில் அவள் கண்ணைத் துடைத்தாள். அவர் நாடகம் முடியும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தார்கள். சாரதாமணியைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அங்காளம்மாள் சைகையில் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். கொட்டகை வெளிச்சம் பின்னால் போய்விட்டது. தெருவில் இருட்டு. அங்காளம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டே பேசுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பிடித்திருந்த கை நிலையாக இல்லை, ஏறியும் இறங்கியும் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. பாட்டைப் பற்றித்தான் சொல்கிறாளாக இருக்கும். தம்பிக்கு இருட்டில் உதடு தெரியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. சொன்னால் நிறுத்திவிடுவாள், அந்தக் கையும் நின்றுவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்தார்.